கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிறவள்

ஊர்ப்பாதை பிரிகிற மஞ்சனத்தி விலக்கில் மாதம் பிறந்தால் இரண்டு வந்து சேரும். திருநெல்வேலியிலிருந்து வரும் காலை பஸ்ஸில் அருளப்பனின் பெட்டிக்கடைக்கு அந்த மாதத்துக் கொலை நாவல் கட்டாக வரும். அந்த நாவலின் முதல் அத்தியாயத்தில் கொலையாகிப்போன பெண் அதே பஸ்ஸின் பின்படி வழியாக இறங்கி வருவாள். கண்டக்டர் கட்டை ரோட்டோரம் தூக்கிப் போடுவார், பெண்ணைக் கைகொடுத்து இறக்கிவிடுவார், டிக்கெட் மட்டும் கேட்கமாட்டார். முதல் தடவை டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், அடுத்த தடவை நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு அது பால் வண்டி வருவது மாதிரி ஆகிவிட்டது. எப்படி வருகிறார்கள், ஏன் இந்த விலக்கில் இறங்குகிறார்கள் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. செத்து வந்த பிள்ளையை வெயிலில் நிற்கவைக்கக் கூடாது, அது ஒன்றுதான் ஊருக்குத் தெரிந்த சட்டம்.

முதலில் வந்தவள் ஷாலினி. ஈரத் தலையோடு, நைட்டியோடு வந்து நின்றாள், ஏனென்றால் எழுதியவர் அவளைக் குளியலறையில் வைத்துக் கொன்றிருந்தார். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, "எந்த ஊரு தாயி? அம்மா பேரு என்ன?" என்று கேட்டார்கள்.

"வயசு இருபத்திரண்டு. பால் நிறம். கொடி இடை," என்றாள் ஷாலினி. மேற்கொண்டு சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. தன் இடுப்பைப் பற்றித் தெரிந்திருந்தது, தாயைப் பற்றித் தெரியவில்லை. தோளில் ஒரு மச்சம் இருந்தது, வயிற்றில் பசி இல்லை. எழுதியவர் கொடுத்தது எதுவோ அதுதான் அவர்களிடம் இருக்கும், அவரும் பாவம், மாதத்துக்கு ஒருத்தியைக் கொன்றாக வேண்டியவர், ஒவ்வொருத்திக்கும் அம்மாவும் பசியும் வைத்துக்கொண்டிருந்தால் அச்சுக்கு எப்போது அனுப்புவது?

அவர் விட்டதையெல்லாம் விலக்கு கொடுத்தது. ஒருத்திக்கு ஒரு தெரு சேர்ந்து தாயானது, இன்னொருத்திக்கு ஜோசியர் பூராட நட்சத்திரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார், வேறொருத்திக்குச் சின்ன வயதில் நாய் கடித்த கதை ஒன்றை டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருமாகச் சேர்ந்து கட்டிக் கொடுத்தார்கள். என்ன சாதி என்று கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு, எழுதியவர் அதையும் எழுதவில்லை, ஆகவே அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. ஷாலினி தீப்பெட்டி ஒட்டப் போனாள், வேறொருத்தி தையல் கற்றுக்கொண்டாள். அவர்களில் யாராவது, "எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது" என்று முதல் தடவையாகச் சொல்லிவிட்டால் தெருவே சந்தோஷப்படும், இனி இவள் நம்ம பிள்ளை என்று.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவர்களுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இறங்கியதும் துண்டைப் போர்த்துகிற கையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெண்களும் கேட்பது ஒரே கேள்விதான். "யாரு?" பின்னாலிருந்து வந்த கை யாருடையது என்பதை எழுதியவர் அவர்களிடமிருந்தும் மறைத்திருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறவரை பசி வராது, சோற்றைப் போட்டால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் வந்தவளை நேராக உலகம்மாளிடம் கூட்டிப்போவது வழக்கமானது.

உலகம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். கம்பவுண்டர் திரவியத்தின் சம்சாரம். ஊருக்கு எதிரே கந்தசஷ்டிக் கவசம் படிக்கிறவள், ஊருக்குப் பின்னால் கொலை நாவல் படிக்கிறவள், படித்ததைப் பள்ளிக்கூடத்துப் பருப்பு டின்னுக்கு அடியில் புதைத்து வைக்கிறவள். அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்டு வந்ததும் அருளப்பன் கடைக்குப் பின்பக்கம் நின்றபடியே கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவாள். யார் என்று தெரியாவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது. தெரிந்துகொண்டபிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி வந்து, பிள்ளைகள் சாப்பிட்டுப் போன மத்தியான நேரத்தில், அந்தப் பெண் சாகிறதை நிதானமாக, ஒரு வரி விடாமல், கடலைமிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்கிற மாதிரி ஒதுக்கிக்கொண்டு படிப்பாள்.

குப்பை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு அத்தியாயமும் அலறலில் முடியும், அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால் பூனை. ஆள் தப்ப முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் கரண்டு போகும். இன்ஸ்பெக்டருக்கு வேண்டிய ஆள் அவர் டீ குடிக்கிற கடைக்கே டீ குடிக்க வருவான். எல்லாவற்றையும் சொல்லிச் சிரிப்பாள், அடுத்த மாதம் பஸ் வருவதற்கு முன்பே கடைவாசலில் நிற்பாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்கு அந்த எழுத்தாளரின் ஒரே சட்டம் தெரிந்திருந்தது: எல்லோரையும்விட நல்லவர் யாரோ, யார் மேல் சந்தேகமே வராதோ, அவர்தான் கொன்றவர்.

"ஒன்னக் கொன்னது ஒன் சித்தப்பா, தாயி," என்று ஷாலினியிடம் சொன்னாள். "ஒனக்கு ஆரஞ்சுப்பழம் உரிச்சுக் குடுத்தாருல்லா, அவருதான்." ஷாலினி தோளில் கிடந்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டாள். பிறகு, "பசிக்குது அத்தை," என்றாள். அப்படித்தான் எல்லோரும். பதிலைச் சொன்னதும் பசி வந்துவிடும், பசி வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும், ஊரும் நிம்மதியாகக் கதவைச் சாத்திப் படுக்கும், ஏனென்றால் கொன்றவன் கடைசிப் பக்கத்தில் விலங்கோடு கிடக்கிறான், புத்தகம் மூடிக் கிடக்கிறது.

அப்படியிருக்க ஒரு மாதம் கட்டு வரவில்லை. பெண் மட்டும் வந்தாள்.

மஞ்சள் சுடிதார், பெயர் ரேஷ்மா. கண்டக்டர் கைகொடுத்து இறக்கிவிட்டு, "கட்டு ஏத்தலப்பா, அச்சாபீஸ்ல ஏதோ தகராறாம்," என்று அருளப்பனிடம் சொல்லிவிட்டு விசில் கொடுத்துவிட்டார். பஸ் கிளம்பிப்போன பிறகுதான் டீக்கடையில் இருந்தவர்களுக்கு உறைத்தது. புத்தகம் இல்லை என்றால் கடைசிப் பக்கம் இல்லை. கடைசிப் பக்கம் இல்லை என்றால் கொன்றவன் கையில் இன்னும் விலங்கு விழவில்லை, அவன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், இந்தப் பெஞ்சிலேயேகூட உட்கார்ந்திருக்கலாம். ஒருத்தர் ஒருத்தராக டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

ரேஷ்மாவை உலகம்மாள் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். "யாரு?" என்று கேட்டாள் ரேஷ்மா. "புத்தகம் வரட்டும் தாயி, சொல்லுதேன்," என்றாள் உலகம்மாள். மறுநாள் காலையிலும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள், கேட்கக் கேட்க அவள் இளைத்துக்கொண்டே வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தால் புறங்கை வழியாக வெயில் தெரிகிற அளவுக்கு இளைத்துப்போனாள். உலகம்மாளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு ருசியும் இருந்தது, யாராக இருக்கும், யாராக இருக்கும் என்று, அதை நினைத்து அவள் தன் கன்னத்திலேயே போட்டுக்கொண்டாள்.

ஊர் வேறுவிதமாகப் பயந்தது. மாதாமாதம் அதே நாவலைப் படித்து வளர்ந்த ஊர், எழுத்தாளரின் சட்டம் எல்லோருக்கும் மனப்பாடம், எனவே கெட்டவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாராயம் விற்கிறவனும் பெண்டாட்டியை அடிக்கிறவனும் நிம்மதியாக நடமாடினார்கள். நல்லவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் கேட்காமலே ஊற்றுகிற அரை கிளாஸை நிறுத்தினார். கண்டக்டர் கிழவிகளுக்குக் கைகொடுப்பதை விட்டுவிட்டார். தன் மதியச் சாப்பாட்டை ஏழைப் பிள்ளைகளோடு பங்குபோட்டுக்கொள்ளும் மரியபுஷ்பம் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். தெருவில் ஒருவர் சிரித்தால் எதிரே வருகிறவர் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். கொஞ்ச நாளில் மஞ்சனத்தி விலக்கில் சிரிக்கிற ஆள் ஒருவர்தான் மிச்சம் இருந்தார், அவர் நாவல் படிக்காதவர், அவருக்கு எந்தச் சட்டமும் தெரியாது.

அது திரவியம். டாக்டர் வராத நாட்களில் கிளினிக்கில் அவர்தான் எல்லாம். பிள்ளைகளுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் உஃப் என்று ஊதிவிட்டு, "எறும்பு ஒண்ணு வருது, பாத்துக்கோ," என்பார், பிள்ளை எறும்பைத் தேடுகிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து உலகம்மாளிடம் குரல் உயர்த்திப் பேசியது கிடையாது, காப்பி போட்டால் முதல் டம்ளர் அவளுக்குத்தான். அப்படிப்பட்ட மனுஷன் கிடைக்க என்ன தவம் செய்தாயோ என்று ஊரே சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷ்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த உலகம்மாள் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளியைப் பார்த்தாள். மச்சம் என்று நினைத்துத் தடவினாள், மச்சம் இல்லை, ஊசி இறங்கிய தடம். சீப்பு கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்காமல், முடியை இழுத்து அந்த இடம் மறைகிற மாதிரி இறுக்கிப் பின்னலைப் போட்டாள். அடுப்படியில் திரவியம் கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிதண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார், அவை ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் கேட்டது.

"பிள்ள ரொம்ப வெளுத்துப்போயிருக்கே உலகு," என்று அங்கிருந்தே சொன்னார். "சத்து ஊசி ஒண்ணு போட்டுருவமா?"

"வேண்டாம்."

"ஏன்? வலிக்காமப் போட்டுருதேன்."

"வேண்டாங்கேன்லா."

அவர் வாசல்படிக்கு வந்து அவளைப் பார்த்தார். "சீப்பு கீழ கெடக்கே, என்ன ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணுமில்லங்க," என்றாள்.

அன்றிலிருந்து அவள் புருஷனைப் படிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாகப் பார்த்த முகத்தை சந்தேகத்துக்குரிய ஆட்கள் வருகிற மூன்றாம் அத்தியாயத்தைப் படிக்கிற மாதிரிப் படித்தாள். ஒரு மனுஷன் ஏன் குரலே உயர்த்துவதில்லை? எதை அமுக்கி வைத்திருக்கிறான்? முதல் டம்ளரை ஏன் எனக்குத் தருகிறார்? சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொள்வாள், காப்பியை ஆற்றுகிற சாக்கில் முகர்ந்து பார்ப்பாள், மறுபடியும் திட்டிக்கொள்வாள். அவர் நல்லவர் என்பதற்கு அவளிடம் இருந்த சாட்சி ஒவ்வொன்றும் இடம் மாறி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அவரை நினைத்துப் பயந்தாள், அவருக்காகவும் பயந்தாள், இரண்டில் எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் ஊர் சத்துணவுக் கூடத்துக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, மரியபுஷ்பம் டீச்சரும் அருளப்பனும் முன்னால் நிற்க, பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், நடுவில் இரண்டு பேர் தோளில் சாய்ந்தபடி ரேஷ்மா.

"அக்கா, நீங்க வாயத் தொறக்காம இருந்தா எப்படி?" என்றாள் டீச்சர். "பிள்ளையப் பாருங்க, இன்னும் நாலு நாள் தாங்காது. ஒங்களுக்குத் தெரியாத கொலையா? யாருன்னு சொல்லிட்டியன்னா அவளுக்கும் பசி வந்துரும், நாங்களும் நிம்மதியா இருப்போம்."

"புத்தகம் வரலியே டீச்சர்."

"புத்தகம் எதுக்கு? இத்தன வருசமாப் படிக்கிய. ஒங்க மனசுக்கு ஒண்ணு படுதுல்லா?"

உலகம்மாள் ரேஷ்மாவைப் பார்த்தாள். சுவர்ப் பலகையில் எழுதியிருந்த உணவுப் பட்டியல் அந்தப் பிள்ளையின் தோள் வழியாக மங்கலாகத் தெரிந்தது. ஒரு பக்கம் இந்தப் பிள்ளை, ஒரு பக்கம் அவர். பெயரைச் சொல்லக் கூடாது, செத்தாலும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். பெயரைச் சொல்லவும் இல்லை.

"காதுக்குப் பின்னால ஊசித் தடம் இருக்கு," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள், அத்தியாயம் முடிகிற இடத்தில் அந்த எழுத்தாளர் நிறுத்துவாரே, அப்படி.

டீச்சர் பின்னலை விலக்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது ரேஷ்மா நிமிர்ந்தாள். "பசிக்குது," என்றாள். அடிச்சட்டியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டிப் போட்டார்கள், அவள் விக்க விக்கச் சாப்பிட்டாள், சாப்பிடச் சாப்பிட அவள் புறங்கை இருண்டு நிறம் வந்தது. ஊருக்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. ஏதோ ஒரு பதில் போதும், பொய்யாக இருந்தாலும் பசி வந்துவிடும் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, உலகம்மாளுக்கும்தான்.

திரவியத்தை யாரும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினார்கள். அவர் வருகிற பாதையிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். டீக்கடையில் அவருக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியானது. முதலில் அவர் பெயர் போனது, "அந்தக் கம்பவுண்டர்" என்றார்கள். அப்புறம் அவர் அம்மா, அவர் பிறந்த ஊர், அவர் பாடுகிற பாட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போய் அவர் நாக்கு வெந்த கதை, எல்லாம் பேச்சிலிருந்து போயின. கடைசியில் ஊர் வாயில் அவரைப் பற்றி மிஞ்சியது இவ்வளவுதான்: வெள்ளைச் சட்டை போட்ட ஆள், நல்லவர் மாதிரி இருந்தார்.

ஒரு காலையில் அவர் பையில் இரண்டு வேட்டி எடுத்து வைத்தார். "கோவில்பட்டி அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்," என்றவர், வாசலில் நின்று திரும்பி, "உலகு, நீயுமா நம்புத?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன்னால், வழக்கத்தில், அவர் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் பார்த்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய் பஸ் ஏறினார். ஒரு வாரம் கழித்து அவர் அக்கா டெலிபோன் பூத்துக்குப் பேசினாள், தம்பி ஏன் இந்தப் பக்கமே வாரதில்ல என்று. அவர் அங்கே போய்ச் சேரவே இல்லை.

அடுத்த மாதப் பிறப்பில் இரண்டு கட்டும் சேர்ந்து வந்தன, நின்றுபோனதும் புதியதும். உலகம்மாள் பஸ் வருவதற்கு முன்பே நின்றிருந்தாள். பஸ் பிரேக் அடித்த புழுதி அடங்குவதற்குள் பழைய கட்டைப் பிரித்து, கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். ரேஷ்மாவைக் கொன்றவன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் இரட்டைப் பிறவி அண்ணன், பம்பாயிலிருந்து வந்தவன், அதுவரை புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் தலைகாட்டாதவன். கொன்றது தலையணையால் அமுக்கி. உலகம்மாள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். ஊசித் தடம் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியில் இருந்தது. அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.

"என்னக்கா தேடுதிய?" என்றான் அருளப்பன்.

"ஊசிய மறந்துட்டாரு," என்றாள் உலகம்மாள். "எழுதுனவரு ஊசிய மறந்தே போயிட்டாருப்பா."

அருளப்பன் பஸ்ஸின் பின்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து பெண் யாரும் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவர் இறங்கினார், கண்டக்டர் அவருக்குக் கைகொடுத்தார், டிக்கெட் கேட்கவில்லை. அருளப்பன் புதிய நாவலின் முதல் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்த நிலையில் ஒரு சவம். கம்பவுண்டர். வெள்ளைச் சட்டை. நல்லவர் மாதிரி இருந்தார். அடுத்த வரியில் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதித்துவிட்டார்.

வெயிலில் நிற்கவைக்கக் கூடாது. உலகம்மாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிவந்தாள். கை சில்லென்று இருந்தது. "ஒங்க பேரு திரவியம்," என்றாள். "ஒங்க அம்மா பேரு சுப்புத்தாய். வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடுனா ஒங்களுக்கு நாக்கு வெந்துரும். சேப்பங்கிழங்கு ஆகாது. பிள்ளைகளுக்கு ஊசி போட்டா ஊதிவிட்டுத்தான் போடுவிய." சொல்லிக்கொண்டே போனாள், அழுதுகொண்டே சொன்னாள், அவர் வேற்று வீட்டுக் கதையைக் கேட்கிறவர் மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்தும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்தும் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். ரேஷ்மாவும் வந்து நின்றாள், கன்னம் உப்பி, நல்ல நிறமாக.

உலகம்மாள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் கேட்டார். "யாரு?"

புதிய நாவல் அவள் கையில்தான் இருந்தது. கடைசி அத்தியாயம் விரலுக்கு அடியில் இருந்தது, ஆனால் அவள் பிரிக்கவில்லை. அந்த மனுஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தவர் யார், யார் மேல் சந்தேகமே வராது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாத சங்கதியா? சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும், சொல்லாவிட்டால் இந்த வெள்ளைச் சட்டை வழியாகக் கொஞ்ச நாளில் மரம் தெரியும் என்றும் தெரியும்.

"நான்தாங்க," என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்ல, "பசிக்குது," என்றார்.

வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டுச் சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், நெய் விட்டாள். அவர் இலையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், நெய்க் கரண்டி பிடித்த கையைப் பார்த்தார். ஒரு உருண்டை பிசைந்து அவள் பக்கம் தள்ளி வைத்தார். அவள் அதை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்குகிறவரைக்கும் கவனமாகப் பார்த்திருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட ஆரம்பித்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் முதல் வாய் அவளுக்குத்தான்.